கேளாமல் எழுதிய கடிதம்

எழுபத்திரண்டாம் ஆண்டு மே மாதம் எங்கள் நாடு ராணியை விட்டு விலகியது. சிட்னிப் பத்திரிகையில் அந்தச் செய்தி ஐந்து வரியில் வந்தது, குதிரைப் பந்தய முடிவுகளுக்கு இரண்டு பக்கம் முன்னால். மெரிலேண்ட்ஸிலிருந்து நகரத்துக்குப் போகும் சிவப்பு ரயிலில் நின்றுகொண்டே படித்தேன். சிலோன் என்ற பெயர் மாறிவிட்டது, இனிக் குடியரசு, அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் என் தோளுக்கு மேலால் பந்தய முடிவைத் தேடினார். பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைவிடப் பேசியது அதிகம். அந்த ஐந்து வரி அன்று முழுவதும் என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. ராணியிடம் எனக்குப் பெரிய பாசம் எதுவும் கிடையாது. போன கிழமைகூட முடியாட்சிகள் எல்லாம் ஒழியவேண்டும் என்று கன்ரீனில் மேசையைத் தட்டியவன் நான். என் கோபம் வேறு. பழைய அரசியல் யாப்பில் சிறுபான்மையினருக்கென்று இருந்த காப்பு வாசகம் புதியதில் இல்லை. எல்லாக் கதவும் சாத்தினால் கடைசியாக லண்டனுக்கு மேன்முறையீடு செய்ய ஒரு வழி இருந்தது, அதுவும் போயிற்று. கொழும்பில் கூடினார்கள், முடித்தார்கள். வடக்கில் இருக்கிற என் அப்பா அம்மாவின் சொல்லையே அங்கே யாரும் எடுக்கவில்லை. ஆறாயிரம் மைல் தள்ளி ரயிலில் தொங்கிக்கொண்டு போகிற என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த 'ஒருவரும் கேட்கவில்லை' என்பது அந்த நாட்களில் என் வாயிலேயே இருந்தது. அதனால்தான் பிறகு நடந்ததை இத்தனை வருடங்களுக்குப் பின்னும் நினைக்கும்போது காது சூடாகிறது.

நானும் அண்ணையும் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். அண்ணை எனக்கு உறவில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால் அண்ணை. ஊரில் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்தவர். சிங்களச் சோதனை சித்தியடைந்தால்தான் மேலே போகலாம் என்றார்கள். இரண்டு தரம் எழுதினார். மூன்றாம் தரம் மண்டபத்து வாசல்வரை போய், திரும்பி நடந்து, அப்படியே அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும் படிவம் வாங்கப் போனதாகச் சொல்வார். இங்கே ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் அதே வேலை கிடைத்தது, தற்காலிகமாக.

அந்தத் தற்காலிகம்தான் அவருடைய முள். மனைவியும் ஐந்து வயது மகளும் யாழ்ப்பாணத்தில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாமனார் ஓய்வுபெற்ற தலைமை எழுதுவினைஞர். அவர் கணக்கில் உலகத்தில் உத்தியோகம் இரண்டு வகை: நிரந்தரமானது, மற்றது. மற்றதை நம்பி மகளையும் பேத்தியையும் கடல் தாண்டி அனுப்ப அவர் தயாரில்லை. நிரந்தரமாக்கிய கடிதத்தின் பிரதியை அனுப்பினால் மேற்கொண்டு பேசலாம் என்று நீல நிற வான்கடிதத்தில் சுத்தமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அண்ணை அதைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார்.

நிரந்தரமாக்கப்படுவோரின் யூன் மாதப் பட்டியலில் அண்ணையின் பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே அரசாங்க வேலை நிரந்தரமாவதற்குப் பிரித்தானியப் பிரசை என்ற தகுதி வேண்டும். லண்டனைப் படத்தில் மட்டும் பார்த்த எங்களுக்கும், சிலோனில் பிறந்த காரணத்தால், அந்தத் தகுதி இருந்தது. படிவத்தில் அதற்கு ஒரு பெட்டி. ஒரு சரி அடையாளம் போட்டால் போதும். அண்ணை ஏப்ரலிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், உறுதிமொழிப் பத்திரங்களுக்கு முத்திரை வைக்கும் சமாதான நீதவானும்கூட. முன்கூடத்தில் தொலைபேசிக்கு மேலே ராணியின் படம் மாட்டியிருந்தார். அவருக்கும் அந்த வருடம் கோபம்தான். பிரித்தானியா ஐரோப்பியச் சந்தைக்குள் போகிறது. தாஸ்மேனியாவில் அவருடைய தம்பியின் அப்பிள் தோட்டத்துக்கு இனி அங்கே இடமில்லை. தம்பி மரங்களை வேரோடு பிடுங்கத் தொடங்கியிருந்தார். தாயென்று நினைத்த நாடு சொல்லாமல் வீடு மாறிவிட்டது என்பார் கிழவர். பிறகு படத்தைப் பார்த்து, அவளில் பிழையில்லை, அவளையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பார். எங்கள் கதையைச் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கியது. விட்டுப் போனது யார், விடப்பட்டது யார் என்பதில்தான் நாங்கள் இருவரும் எதிரெதிராக நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு டொக்டர் வீட்டில் கூடுவார்கள். அப்போது சிட்னியில் நாங்கள் எண்ணக்கூடிய தொகைதான். ஒரு வீட்டு முன்னறைக்குள் அடங்கிவிடுவோம். டொக்டரின் மனைவி, எல்லோருக்கும் அன்ரி, இடியப்பம் அவித்து, பைக்கற்றில் வரும் உலர்ந்த தேங்காய்த்தூளைப் பால் தெளித்து ஊறவைத்துச் சம்பல் செய்வார். எங்களோடு மதராஸ்காரர் ஒருவரும் வருவார், எஞ்சினியர். தமிழ் பேச வேறு வீடு கிடையாதென்பதால் வந்தவர். நாங்கள் வேகமாகப் பேசினால் பாதி விளங்காது அவருக்கு. அரசியல் தொடங்கினால் சிரித்தபடி எழுந்து குசினிக்குப் போய் அன்ரிக்குக் கோப்பை துடைத்துக் கொடுப்பார்.

அந்த ஞாயிறு அவர் போகவில்லை. எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மனுவோடு போயிருந்தேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த அநியாயம் நடந்தாலும் முதல் வேலை, நல்ல ஆங்கிலத்தில் ஒரு மனு. 'மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்கி, எழுதியவனின் படிப்பைக் காட்டி முடியும். நான்கு பக்கம் தட்டச்சுச் செய்திருந்தேன். இனி நாங்கள் பிரித்தானியப் பிரசைகளே இல்லை, எங்களைக் கேளாமலே எங்களிடமிருந்து அதைப் பறித்துவிட்டார்கள் என்பது அதன் உச்சம். வாசித்து முடித்தபோது மதராஸ்காரர் தொண்டையைச் செருமினார்.

"இல்ல சார், எங்க நாட்டுல பார்த்தீங்கன்னா..."

"உங்கட நாடு வேற, ஐயா. அது தனிக் கதை," என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பை துடைக்கப் போனார்.

மனுவை எல்லோரும் புகழ்ந்தார்கள். கையெழுத்து வைக்க ஒருவரும் முன்வரவில்லை. ஒருவருக்குக் கடவுச்சீட்டுப் புதுப்பிக்கவேண்டும். ஒருவருக்குத் தம்பி கொழும்பில் வங்கியில். டொக்டருக்குத் தன் தகப்பன் ஓய்வூதியத்தை நினைத்துப் பயம். எதிர்ப்பு எல்லோரிடமும் இருந்தது, பேனைதான் இருக்கவில்லை என்று நான் குத்திக் காட்டினேன். திரும்பும் ரயிலில் அண்ணையைக் கேட்டேன். அவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

"நான் வைக்கமாட்டன் தம்பி. முதல்ல நிரந்தரம் வரட்டும்."

எனக்கு எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் மனுவைக் கிழித்துப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதமாக மாற்றினேன். நான்கு பக்கத்தை அரைப் பக்கமாக்கும்போது உயிருள்ள ஓர் உதாரணம் தேவைப்பட்டது. என் அறையில் தங்கியிருக்கும் ஒருவர் உங்கள் அரசாங்கத்துக்கு வரைபடம் வரைகிறார். ஓர் இரவு பிரித்தானியப் பிரசையாகப் படுத்தார், காலையில் ஒன்றுமில்லாதவராக எழுந்தார் என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்து இரண்டு தரம் அறையைச் சுற்றி நடந்தேன், அவ்வளவு பிடித்திருந்தது அந்த வசனம். அது உண்மையா என்று எந்தச் சட்டப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை. சட்டம் என்ன சொன்னாலும் அநியாயம் அநியாயம்தானே என்பது அப்போது என் கட்சி.

வியாழக்கிழமை வெளிவந்தது, என் பெயரும் மெரிலேண்ட்ஸ் என்ற இடப்பெயரும் கீழே. நான்கு பிரதி வாங்கினேன். டொக்டர் தொலைபேசியில் பாராட்டினார். வீட்டுக்காரர் கத்தரித்து எடுத்து ராணிக்குப் பக்கத்தில் ஊசியால் குத்திவைத்தார். அண்ணை அன்று பிந்தி வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நாளைக்குச் சொல்லுவோம் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது கையில் என் கடிதம் வந்த பத்திரிகைத் துண்டு இருந்தது. கோட்டைக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் இருந்தார்.

"இது நானோ?"

பேர் போடவில்லை என்றேன்.

"அந்தக் கந்தோருக்கு மெரிலேண்ட்ஸில இருந்து வாற கறுத்தப் படவரைஞர் எத்தனை பேர்?"

அவர் துண்டை நான்காக மடித்தார்.

"கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு உனக்குச் சொன்னனான். நீ என்னையே கையெழுத்தா வைச்சுப்போட்டாய்."

நடந்தது இதுதான். கந்தோரில் ஊழியர் விவகாரம் பார்க்கும் ஆளணிப் பகுதி அலுவலர் நல்ல மனிதர். அண்ணையைக் கூப்பிட்டு இருத்தித் தேநீரும் கொடுத்திருக்கிறார். பத்திரிகையில் இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டது, தெரிந்த பிறகு தெரியாததுபோல அந்தச் சரி அடையாளத்துக்கு மேலே தன்னால் கையெழுத்திட முடியாது, சட்டப் பகுதிக்கு அனுப்பிக் கேட்கவேண்டும் என்றிருக்கிறார். கோப்பு ஒரு பக்கம் வைக்கப்பட்டது. பட்டியல் மூடுவதற்கு இரண்டு கிழமை இருந்தது. நான் எழுதியிருக்காவிட்டால் யாருக்கும் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

எனக்குத் தெரிந்த பரிகாரமும் எழுதுவதுதான். மறுநாள் நகரத்து நூலகத்துக்குப் போய்க் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு இருந்தேன். பிரித்தானியப் பிரசை என்ற தகுதி பெறும் நாடுகளின் வரிசையில் நாங்களும் இருந்தோம். ஆனால் அது முடியின் கீழ் இருந்த காலத்து வரிசை. விலகிய பிறகும் செல்லுமா? காலையில் செல்லும் என்றும் மத்தியானம் செல்லாது என்றும் எனக்கு நானே நிறுவினேன். பின்னேரம் அந்த அலுவலருக்கு மூன்று பக்க விளக்கம் எழுதிக்கொண்டுபோய் அண்ணையிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இனி நீ ஒண்டும் எழுதாதை," என்றார்.

அதைச் சத்தமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிறு வந்தது. அண்ணை வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். முன்னறையில் பெரிய மாநாடு. கன்பராவுக்கு எழுதவேண்டும் என்றார் ஒருவர். லண்டனுக்கு எழுதவேண்டும் என்றார் இன்னொருவர். கொழும்புக்கு எழுதினால் மறுமொழி வருவதற்குள் அண்ணைக்கு ஓய்வு வயது வந்துவிடும் என்று டொக்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், அண்ணையைத் தவிர. என்னால் அங்கே இருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குப் போனேன்.

மதராஸ்காரர் துவாயும் கையுமாக நின்றார். அன்ரி அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கோப்பை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"எங்க நாடு குடியரசாகி அதே இருபத்திரண்டு வருஷம்தான் ஆச்சு. ராணியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஆனா காமன்வெல்த்துல இருக்கோம். அதுதான் இங்க கணக்கு. நான் இங்க கவர்ன்மென்ட்ல பெர்மனென்ட். போன எலெக்ஷன்ல ஓட்டுப் போடலன்னு, ஏன் போடலன்னு விளக்கம் கேட்டு லெட்டர்கூட வந்துது எனக்கு. பிரிட்டிஷ் பிரஜை, போட்டே ஆகணுமாம்."

கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க தனிக் கதைன்னுட்டீங்க."

அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது. ஒரு வருடமாக அந்த மனிதர் எங்கள் சம்பலைத் தின்று, எங்கள் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு, எங்கள் கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறார். எங்களைக் கேட்கவில்லை என்று குமுறிய அந்த வீட்டில் ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை. அது எங்கள் பிரச்சினை. மற்றவனுக்கு அதில் என்ன தெரியும்? கொழும்பு எங்களைப் பற்றி நினைத்ததும் ஏறக்குறைய இதுதானோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அப்போது அவரை இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தன்னுடைய நியமனக் கடிதத்தையும் அந்தத் தேர்தல் கடிதத்தையும் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு அண்ணையின் கந்தோருக்கு நடந்து போனார். நான் தெருவில் நின்றேன். உள்ளே வரவேண்டாம் என்று அண்ணை சொல்லியிருந்தார். அரை மணித்தியாலத்தில் இருவரும் வந்தார்கள். அலுவலர் வாசித்துவிட்டுத் தன் தலையில் தானே தட்டிக்கொண்டாராம். ஆனாலும் சட்டப் பகுதிக்குப் போன கோப்பு சட்டப் பகுதி வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். அது திரும்பி வர ஐந்து கிழமை எடுத்தது. பதில் ஒரே வசனம்: தகுதியில் மாற்றமில்லை. அதற்குள் பட்டியல் மூடிவிட்டது. அடுத்தது புது வருடத்தில்.

அண்ணை என்னைத் திட்டவில்லை. சொற்களைக் குறைத்துக்கொண்டார். "தேத்தண்ணி இருக்கு." "குளிக்கப் போறன்." ஒரு மாதம் இப்படி. நானும் அறையை மாற்றவில்லை. மாற்றினால் தப்பியோடினதாக ஆகிவிடும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒக்ரோபரில் அவருடைய மனைவியின் கடிதம் வந்தது. பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாமனார் பெயர் பதிந்துவிட்டார், சனவரியில் முதலாம் வகுப்பு. அண்ணை அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதுவரை அந்த வீட்டுக் கடிதம் எதையும் அவர் எனக்கு வாசித்ததில்லை. முடித்துவிட்டு, எழுத்துப் பழகிற வயசு, ஆர் கை பிடிச்சுப் பழக்கினால் என்ன என்றார். பிறகு வெளியே போய்க் கொடியில் உடுப்பு எடுத்தார். மழை வரும் குணம் எதுவும் இருக்கவில்லை.

பெப்ரவரியில் நிரந்தரம் வந்தது. கூடவே ஒரு படிவம்: சமாதான நீதவான் முன்னிலையில் ராணிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திடவேண்டும். நீதவானைத் தேடி எங்கேயும் போகத் தேவையில்லை. வீட்டுக்காரர் உள்ளே போய்க் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். கீழே அரைக் காற்சட்டை, மேலே கழுத்துப்பட்டி. கடும் வெயில் காலம். சமையல் மேசையைத் துடைத்தார். அண்ணை நின்றுகொண்டு வாசித்தார், சோதனை மண்டபத்தில் நிற்பவரைப்போலக் கையிரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு. நான் கதவடியில் நின்றேன்.

கிழவர் முத்திரையை அழுத்திவிட்டு, தம்பியின் தோட்டத்தில் கடைசி வரிசையும் போன மாதம் முடிந்தது என்றார். எங்களை அவள் விட்டுவிட்டாள், உங்கள் நாடு அவளை விட்டுவிட்டது, நீ மட்டும் வந்து அவளைப் பிடித்துக்கொள்கிறாய் என்று சிரித்தார். அண்ணையும் சிரித்தார். பேனையை மூடியபடி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"இந்த ஒரு தாளிலதான் தம்பி, என்னட்டக் கேட்டு எழுதுவிச்சிருக்கினம்."

என்ன சொன்னார் என்று கிழவர் கேட்டார். நன்றி சொன்னார் என்றேன்.

அன்று பின்னேரம் அண்ணை என் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். மாமனார் தட்டச்சில் வரும் ஆங்கிலத்தைத்தான் மதிப்பார். நல்லாய் ஒன்று எழுது என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு என்னை எழுதச் சொல்கிறார். தாளைச் செருகினேன். முதல் வசனத்தை வாயால் சொல்லி, இதைப் போடட்டோ என்று கேட்டேன். போடு என்றார். இரண்டாவதைக் கேட்டேன். அப்படியே ஒவ்வொன்றாக. எனக்கு அந்த வேகத்தில் எழுதிப் பழக்கமில்லை. விரல் முன்னால் ஓடப் பார்த்தது.

உறுதிமொழி எடுத்ததைப் பற்றி ஒரு அழகான வசனம் எனக்குள் தயாராக இருந்தது. அதையும் சொல்லிக் கேட்டேன். அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

"வேண்டாம். நிரந்தரம் எண்டு மட்டும் போடு. வைகாசியில ரெண்டு பேரையும் அனுப்பச் சொல்லு." பிறகு, "அனுப்ப ஏலுமோ எண்டு கேள். பிள்ளையிட்டயும் கேக்கச் சொல்லு."

முடித்து வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்றார். வாசித்தேன். பிறகு பேனையை எடுத்து, கீழே தன் பெயரை, படம் வரைகிறவர்களுக்கே உரிய அந்தத் தனித்தனி எழுத்துகளில், மெதுவாக எழுதினார்.